ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் தோட்டத்து வீட்டுக்கு எந்த ஜெனரேட்டர்?

தாராபுரம் வட்டாரத்தில் தோட்டத்து வீட்டில் வசிக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

வீட்டில் 78 வயது மாமனார் இருக்கிறார். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காக, மருத்துவர் சொன்னபடி 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டியில் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின் இயந்திரம்) நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், இரவு முழுவதும் பகலில் சில மணி நேரமுமாக, நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீடு திரும்ப நள்ளிரவாகிவிடும். சென்ற சித்திரையில் கோடை மழையோடு அடித்த காற்றில் தென்னை மரம் கம்பி மேல் விழுந்து, இரண்டு கம்பங்கள் சாய்ந்து, இரவு எட்டரை மணிக்குப் போன கரண்ட் 31 மணி நேரம் கழித்துத்தான் வந்திருக்கிறது. 150 ஆம்பியர் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் இரண்டேகால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. மாமனாரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "அன்று மாத்திரம் வண்டி வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தாலே இப்போதும் கை நடுங்குகிறது" என்று எழுதுகிறார்.

அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூடப்பட்ட விசைத்தறிக் கூடம் ஒன்றிலிருந்து 15 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) டீசல் ஜெனரேட்டரைப் பழைய விலைக்கு வாங்கிவிட்டால் போர் மோட்டார் உட்பட எல்லாமே ஓடும் என்கிறார் கொழுந்தனார். கடைக்காரர் 3 கேவிஏ பெட்ரோல் இயந்திரம் போதும் என்கிறார். உள்ளூர் எலக்ட்ரீசியன், எதை வாங்கினாலும் இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரை வீட்டுச் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் கரண்ட் வந்துவிடும், தனிச் செலவு வேண்டாம் என்கிறார். உறவினர் ஒருவர் சோலார் போடச் சொல்கிறார். மழையில் நனையாமல் போர்டிகோவில் ஜெனரேட்டரை வைக்கலாமா என்றும், அவசரத்துக்குத் தோட்டத்து மோட்டார் சர்வீஸிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்றும் சகோதரி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்ட வரி, "இன்வெர்ட்டர் கைவிட்டுவிட்டது" என்பது. அது கைவிடவில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்கில் இருப்பது 1,800 வாட் மணி. அந்த அளவும் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. வேகமாக இறக்கினால் குறையும், இன்வெர்ட்டருக்குள்ளும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். செறிவூட்டி 350 வாட், இரண்டு மின்விசிறிகள் 150 வாட் என்று 500 வாட் இழுத்தால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்தான் வரும். உங்கள் வீட்டில் இரண்டேகால் மணி நேரம் ஓடியிருக்கிறது. பேட்டரி தன்னால் ஆனதைச் செய்தது; அதனிடம் இரவு முழுவதையும் எதிர்பார்த்தவர்கள் கணக்கைச் சொல்லவில்லை, அவ்வளவே. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

ஆகவே "எத்தனை கேவிஏ ஜெனரேட்டர்" என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. கரண்ட் போன அந்த நொடியிலிருந்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை மாமனாரின் மூச்சை எது தாங்கப் போகிறது? அந்த இடைவெளி ஐந்து நிமிடமாக இருக்கலாம். இடி மின்னலோடு மழை கொட்டும்போது நீங்கள் தனியாக இருந்தால் ஐந்து மணி நேரமாகவும் ஆகலாம். அந்த நேரத்தை ஜெனரேட்டரை நம்பி விடக் கூடாது.

முதலில் சிலிண்டர், பிறகு இன்வெர்ட்டர், அதன் பிறகே ஜெனரேட்டர்

மருத்துவரிடம் சீட்டு வாங்கி, 'பி' வகை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ரெகுலேட்டர், ஓட்ட அளவி, திறக்கும் சாவி ஆகியவற்றோடு வீட்டில் வையுங்கள். நிரம்பிய 'பி' சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இதற்குக் கரண்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தி, சாய்ந்துவிடாதபடி சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். இருட்டில் சாவியைத் தேடித் திண்டாடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் நம் வீடுகளில் கை தானாக மெழுகுவத்தியையும் காமாட்சி விளக்கையும் தேடிப் போகும். ஆக்சிஜன் ஓடும் அறையில் அவை வேண்டவே வேண்டாம்; அங்கே துணியும் தலைமுடியும்கூட எளிதில் பற்றிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றும் எல்இடி விளக்கு இரண்டை அந்த அறைக்கென்றே ஒதுக்குங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆக்சிஜன் மிஷின் "உறுமுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது, கரண்டைச் சீரான அலையாகத் தராமல் வெட்டி வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். அந்த வகைக் கரண்டில் செறிவூட்டிக்குள் இருக்கும் கம்ப்ரசர் மோட்டார் சூடேறும், ஆயுள் குறையும். இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள். 'சைன் வேவ்' (வாரியக் கரண்டைப் போலச் சீரான அலை) என்று இல்லையென்றால் முதல் செலவை அதில் செய்யுங்கள். இரண்டு 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரிகளை வைத்து 24 வோல்ட்டில் இயங்கும் சைன் வேவ் இன்வெர்ட்டரில், செறிவூட்டியையும் இரண்டு எல்இடி விளக்கையும் மட்டும் இணைத்தால் ஐந்து, ஆறு மணி நேரம் ஓடும். மின்விசிறிகளையும் மற்றதையும் அந்த இணைப்பிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சித்திரை இரவை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். எட்டரை மணிக்குக் கரண்ட் போகிறது. செறிவூட்டி நிற்காமல் இன்வெர்ட்டருக்கு மாறி, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை ஓடுகிறது. இரண்டிலிருந்து ஆறு வரை சிலிண்டர். பொழுது விடிந்து மழை விட்ட பிறகு நீங்கள் வெளியே போய் ஜெனரேட்டரை இயக்குகிறீர்கள். பகலில் ஐந்தாறு மணி நேரம் அது ஓடினால் குளிர்சாதனப் பெட்டி குளிர்ந்துவிடும், பேட்டரி பாதியளவாவது ஏறிவிடும். மூடியே வைத்த குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் குளிரைக் காக்கும். உங்களுக்கான இன்சுலினும் அதில்தான் இருக்கிறது என்பதால், முதல் இரவில் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். கரண்ட் போனதுமே இன்சுலினை ஐஸ் கட்டி வைத்த பிளாஸ்க்குக்கு மாற்றிவிடுவது நல்லது, மருந்து நேரடியாக ஐஸில் படக் கூடாது. இரண்டாம் இரவு தொடங்கும்போது பாதி பேட்டரியும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும் சிலிண்டரும் கையிருப்பில் இருக்கும். அன்று கரண்ட் வந்தது அதிகாலை மூன்றரைக்கு. அந்த 31 மணி நேரத்தில் ஒருமுறைகூட நீங்கள் இருட்டில் மழையில் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

பெரியது வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம்

கொழுந்தனாரின் அக்கறை உண்மையானது. 2012ஆம் ஆண்டு மின்வெட்டில் நம் பக்கத்துத் தறிக்கூடங்களும் பட்டறைகளும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, பெரிய டீசல் இயந்திரம் ஒன்று இருந்தால்தான் மனம் ஆறும். ஆனால் தறிக்கூடத்தில் அந்த இயந்திரத்துக்குச் சீரான, கனமான வேலை இருந்தது. உங்கள் வீட்டில் இருக்காது.

உங்களுக்கு வேண்டியதைக் கூட்டிப் பார்ப்போம். செறிவூட்டி 350 வாட், குளிர்சாதனப் பெட்டி 200, மின்விசிறி இரண்டு 150, எல்இடி விளக்குகள் 40, கைப்பேசிக்கும் இணையப் பெட்டிக்கும் 30, இரண்டு பேட்டரிகள் சார்ஜ் ஏற 450. மொத்தம் 1,220 வாட். 15 கேவிஏ இயந்திரம், 0.8 திறன் காரணியில் (கேவிஏயில் உண்மையில் பயன்படும் பங்கு) 12 கிலோவாட் தரும். அதன் பத்தில் ஒரு பங்கு வேலையைத்தான் நீங்கள் கொடுப்பீர்கள். டீசல் இயந்திரத்தை அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே வெப்பம் போதாமல் எண்ணெய் முழுதும் எரியாது. புகைக்குழாயில் கரிந்த எண்ணெய் கசியும், கரி படியும், நாளடைவில் இழுவை போய்விடும். பழைய இயந்திரம் என்பதால் ஒலித்தடுப்புக் கூண்டும் இருக்காது. இன்று புதிதாக விற்கும் டீசல் ஜெனரேட்டரின் சத்தம் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது விதி; 2023இல் வந்த புதிய விதிகள் புகைக்கும் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. தூங்க முடியாத நோயாளியின் வீட்டில் கூண்டில்லாத பழைய டீசல் சத்தம் என்பது வேறொரு நோய்.

போர் மோட்டாரை நினைத்துத்தான் அவர் 15 கேவிஏ என்கிறார். 7.5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ஆனால் மாமனாருக்கும் போர் மோட்டாருக்கும் ஒரே இயந்திரம் எதற்கு? தண்ணீருக்கு மேல்தொட்டியை மாலையிலேயே நிரப்பிவைக்கும் பழக்கம் போதும். தென்னைக்கு நீர் பாய்ச்சியே ஆக வேண்டிய நாள் வந்தால், கொழுந்தனாரிடம் இருக்கும் டிராக்டரின் பிடிஓவில் (பின்புறம் சுழலும் தண்டு) ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை மோட்டாருக்கு மட்டும், பகலில், முறையான மாற்று சுவிட்ச் வழியாக இணைத்துக்கொள்ளலாம். டிராக்டரின் வேகம் ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஏறி இறங்கும் என்பதால் அதில் ஆக்சிஜன் மிஷினை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

கடைக்காரர் சொன்னது ஏறக்குறைய சரி. குளிர்சாதனப் பெட்டி கிளம்பும் நொடியில் 200 வாட் என்பது 1,000 வாட் வரை துள்ளலாம். அப்போது மொத்தம் 2,020 வாட். எனவே தொடர்ச்சியாக 2.5 கிலோவாட் தரும் பெட்ரோல் ஜெனரேட்டர் உங்களுக்குப் பொருந்தும். இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. 'தொடர்ச்சித் திறன்' எவ்வளவு என்று கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரை எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சத்தம் குறைவு, வேலைக்கேற்ப வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் பெட்ரோல் மிச்சம், செறிவூட்டிக்குச் சீரான வோல்டேஜ். சாதாரண வகை என்றால் தானியங்கி வோல்டேஜ் சீராக்கி உள்ளதா என்று பாருங்கள்.

இரு முனையிலும் பிளக் வைத்த ஒயர்

இதில் மட்டும் நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒயர் உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது.

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மீட்டர் பெட்டிக்கு அருகே ஆணியில் அப்படிப்பட்ட ஒயர் ஒன்று தொங்கியதைப் பார்த்தேன். ஒரு பிளக்கின் ஊசி கருகி, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. மறுமுனை ஜெனரேட்டரில் இருக்கும்போது இந்த முனையின் ஊசிகள் வெட்டவெளியில் 230 வோல்ட்டோடு நிற்கும். தெரியாமல் யார் தொட்டாலும், குழந்தையே தொட்டாலும், உயிருக்கு ஆபத்துதான். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மெயினை அணைக்க மறந்து அதைச் செருகினால் உங்கள் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் கம்பியில் போய் நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி, மழையில் உங்களுக்காகவே கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அங்கே இருப்பார். "மெயினை மறக்காமல் அணைத்துவிடுவோம்" என்பது நள்ளிரவில், பதற்றத்தில், பெரியவர் மூச்சுத் திணறும்போது காப்பாற்றக்கூடிய உறுதி அல்ல.

உங்களுக்கு வேண்டியது ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒருமுனை இணைப்புக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டை முனை வகை. கைப்பிடி மேலே இருந்தால் வாரியக் கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று சேர வழியே கிடையாது. இதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு பொருத்துங்கள். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் குழி போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு முறையாக இணைந்திருக்கிறதா என்பதையும், ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சோதனைப் பொத்தானை மட்டும் நம்பாமல் கருவி வைத்து அது உண்மையிலேயே விழுகிறதா என்பதையும் அவர் காட்டிவிட்டுப் போக வேண்டும். பல வீடுகளில் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். வாரியக் கரண்டில் உயிர் காக்கும் ஆர்சிசிபி, ஜெனரேட்டரில் சும்மா நிற்கும்.

போர்டிகோவில் வைக்கலாமா?

கூடாது. பெட்ரோல் இயந்திரத்தின் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜன் மிஷின் ஓடுவதால் மாமனாருக்குப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். செறிவூட்டி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றை இழுத்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு மீதியைத் தருகிறது. அறைக் காற்றே கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவர் அவர்தான்.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க, ஒரு அடி உயர மேடை கட்டி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நம் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும். வீட்டின் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் அதுவே வசதி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிவிடும் என்பதால் திசையைவிடத் தொலைவையே நம்புங்கள். அங்கிருந்து சேஞ்ச் ஓவர் வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு நிரந்தரமாகப் புதைத்துவிடலாம்.

மோட்டார் சர்வீஸும் சோலாரும்

இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுப்பது, அனுமதித்த நோக்கத்துக்கு மாறான பயன்பாடு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க வழி உண்டு. அதோடு, கம்பம் சாய்ந்தால் பெரும்பாலும் இரண்டு சர்வீஸும் சேர்ந்தே போகும் என்பதால் அவசரத்துக்கு அது உதவவும் உதவாது.

சோலார் நல்ல யோசனைதான், ஆனால் வேறு தேவைக்கு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மின் கட்டணம் குறையும். ஆனால் அந்த வகைப் பலகைகள் வாரியக் கரண்ட் போனதும் தாமாகவே நின்றுவிடும், வெயில் எரித்தாலும் சரி. லைன்மேனின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வேண்டும்; அது பெரிய செலவு, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

யார் இயக்கப் போகிறார்கள்?

கடையில் நிற்கும்போது உங்கள் கணவரும் கொழுந்தனாரும் கயிற்றை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைவார்கள். அவர்கள் இழுப்பது போதாது. நீங்கள் இழுத்துப் பாருங்கள். கரண்ட் போகும் இரவில் வீட்டில் இருப்பவர் நீங்கள். கயிறு கனமாக இருந்தால் சாவி போட்டுக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட் வகையை வாங்குங்கள். அதன் சிறு பேட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் இறங்கிவிடும் என்பதால் கயிறும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பெட்ரோல் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் செலவாகும். உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டர் வரை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு 10 லிட்டரே போதும். இரும்புக் கேனில், சமையலறைக்கும் சிலிண்டருக்கும் தொலைவில் வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக் கார்பரேட்டரை அடைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேனில் இருப்பதை ஸ்கூட்டருக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலும், ஓடி நின்று சூடு ஆறாத இயந்திரத்திலும், பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், வீட்டில் ஆக்சிஜனில் இருக்கும் நோயாளி இருக்கிறார் என்று மருத்துவச் சான்றின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, கம்பியை ஒட்டி நிற்கும் தென்னை மட்டைகளைக் கழிக்கவும் அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987ஐயும் 108ஐயும் சேஞ்ச் ஓவர் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வரும் அல்லவா, அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். கணவர் வீட்டில் இருந்தாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். மாமனாரைச் சிலிண்டருக்கு மாற்றுங்கள், வெளியே போய் இயந்திரத்தைக் கிளப்புங்கள், மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள், பிறகு கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். முதலில் குளிர்சாதனப் பெட்டி, பின்னர் செறிவூட்டி, கடைசியாகப் பேட்டரி சார்ஜ். அரை மணி நேரம் அப்படியே ஓடட்டும். எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள், எந்த இடத்தில் கை தடுமாறியது என்பதை எழுதி வைத்து எனக்கும் அனுப்புங்கள். தடுமாறிய இடத்தை அடுத்த மாதத்துக்குள் சரிசெய்துவிடலாம்.